பழுதுபார்த்த நெஞ்சுக்காரர்

மனிதர்களை எத்தனையோ விதமாகப் பிரிக்கலாம். சாப்பிட்ட தட்டை உடனே கழுவுகிறவர்கள், அப்புறம் கழுவுகிறேன் என்கிறவர்கள். தொலைபேசியில் பேசும்போது உட்கார்ந்திருப்பவர்கள், வீடு முழுக்க நடப்பவர்கள். இவர்களுக்கெல்லாம் தனியாகப் பெயர் வைக்க வேண்டியதில்லை. ஆனால் சமீப காலமாக எல்லா ஊரிலும், எல்லாத் தெருவிலும், ஏறக்குறைய எல்லாக் குடும்பத்திலும் ஓர் இனம் பெருகி வருகிறது. அதற்குப் பெயர் வைத்தே ஆக வேண்டும். நெஞ்சுக்காரர் என்று வைப்போம்.

நெஞ்சில் அறுவை செய்துகொண்ட எல்லோரும் நெஞ்சுக்காரர் என்று அவசரமாக முடிவு கட்டிவிடாதீர்கள். அறுவை செய்துகொண்டு, சொன்ன நாள்வரை ஓய்வெடுத்து, மறுவாரம் வேலைக்குப் போய், அதற்கு மறுவாரம் வண்டி நிறுத்துகிற இடத்துக்காகப் பக்கத்து வீட்டுக்காரருடன் சண்டை போட்டுக்கொண்டு சௌக்கியமாக வாழ்கிறவர்கள் ஏராளம். அவர்கள் நம் கணக்கில் வரமாட்டார்கள். நெஞ்சுக்காரர் வேறு. டாக்டர் அவருடைய நெஞ்சைத் திறந்தார், வேண்டியதைச் செய்தார், மூடினார், தைத்தார், கையைக் கழுவிக்கொண்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். நெஞ்சுக்காரர் இன்னும் மூடவில்லை.

எப்படி அடையாளம் காண்பது? சுலபம். முதலில் சட்டைப் பொத்தானைப் பாருங்கள். மேலிருந்து இரண்டாவது பொத்தான் திறந்திருக்கும். குளிர் நடுக்கினாலும் திறந்திருக்கும். தையல் தழும்பின் மேல்நுனி ஓர் அங்குலம், திரை விலக்கிப் பார்க்கிற மாதிரி எட்டிப் பார்க்கும். நீங்கள் கவனிக்கவில்லையென்றால் பரவாயில்லை; கவனிக்கும்வரை அவர் உங்கள் பக்கமாகத் திரும்பித் திரும்பி உட்காருவார். அடுத்தது வலது கை. நீங்கள் உங்கள் மகள் கல்யாணத்தைப் பற்றி ஆசையாகச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அந்தக் கை மெல்லக் கிளம்பி, மடியைக் கடந்து, இடது மணிக்கட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போகும். உதடு ஓசையில்லாமல் அசையும். நீங்கள் மாப்பிள்ளையின் படிப்புக்கு வந்து சேரும்போது, "எழுபத்தாறு" என்பார். அதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? வாழ்த்துகள் என்று சொல்லிப் பாருங்கள், ஏற்றுக்கொள்வார்.

மூன்றாவது அடையாளம் தலையணை. நெஞ்செலும்பை வெட்டிக் கம்பி போட்டு இணைத்திருப்பதால், இருமினாலும் தும்மினாலும் சிரித்தாலும் கட்டிப் பிடித்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் ஒரு சின்னத் தலையணை கொடுப்பார்கள். எலும்பு கூடியதும் அதைச் சோபாவில் போட்டுவிடலாம் என்று அச்சடித்தே கொடுப்பார்கள். நெஞ்சுக்காரர் அந்தத் தாளில் எல்லா வரியையும் படிப்பார், அந்த ஒரு வரியைத் தவிர.

இப்படிப் பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் நழுவிவிடுவார்கள். ஓர் ஆளைப் பிடித்து நிறுத்திப் பார்ப்போம்.

நம்முடைய நெஞ்சுக்காரர் தொழிலால் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தோரு வருடம் ஊரில் உள்ள அடுக்குமாடிக்காரர்களையெல்லாம் மேலும் கீழும் ஏற்றி இறக்கியவர். அவரே ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில்தான் குடியிருக்கிறார். லிஃப்டைப் பழுதுபார்த்து முடித்ததும், ஏறப் பயப்படுகிறவர்களிடம் சொல்வதற்கென்றே அவரிடம் ஒரு வாக்கியம் உண்டு: "பழுதுபார்த்த லிஃப்ட்தாங்க இருக்கிறதிலேயே பத்திரமான லிஃப்ட். எல்லாம் புதுசு மாதிரி. தைரியமா ஏறுங்க." இதைச் சொல்லும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். புருவத்தை லேசாக உயர்த்தி, கண்ணைச் சிமிட்டாமல், தோளில் ஒரு தட்டு. ஆனால் சக மெக்கானிக்குகளுடன் தனியாக இருக்கும்போது பேச்சு வேறு. கைவைத்த இயந்திரம் காலை வாருவதென்றால் முதல் மூன்று நான்கு மாதத்துக்குள்தான் வாரும் என்பது அவர்களுக்குள் உள்ள நம்பிக்கை. அதுவரை அவர்களில் ஒருவரும் தாங்கள் பழுதுபார்த்த லிஃப்டில் வேண்டாத பயணம் போவதில்லை.

இப்படிப்பட்டவருக்கு நெஞ்சில் மூன்று குழாய் அடைத்துக்கொண்டு, பைபாஸ் செய்து, நாலாம் நாள் கட்டிலருகே டாக்டர் வந்து நின்றார். "எல்லாம் புதுசு மாதிரி ஆயிடுச்சு. தைரியமா இருங்க" என்றார். தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

நெஞ்சுக்காரர் அந்த முகத்தைப் பார்த்தார். புருவம் லேசாக உயர்ந்திருந்தது. கண் சிமிட்டவில்லை. அந்த முகத்தை அவருக்குத் தெரியாதா? முப்பத்தோரு வருடம் அவர் மாட்டிக்கொண்டு திரிந்த முகமல்லவா அது!

அன்றைக்குத் தொடங்கியது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, லிஃப்ட் இயந்திர அறையில் தொங்கவிடுவார்களே, பராமரிப்பு நோட்டு, அதே மாதிரி ஒரு நோட்டுப் போட்டார். தேதி, நேரம், துடிப்பு, சத்தம், குறிப்பு. 'காலை ஏழு. எழுபத்திரண்டு. சத்தம் இல்லை.' 'காலை எட்டு. எண்பது. இடதுபக்கம் மெல்லிய டொக். ஒரு முறை.' 'எட்டேகால். டொக் மறுபடி இல்லை. ஏன் இல்லை?' டொக் வந்தால் பயம், வராவிட்டால் அதைவிடப் பயம். இந்த நோட்டுடன் நான்கு மாதம் ஓடிவிட்டது. எழுதி எழுதி மூன்று நோட்டு முடிந்து நான்காவது நடந்துகொண்டிருந்தது.

வீட்டு வாசலைத் தாண்டி நடக்காமல் இருந்தவர் ஒருவர் உண்டு. அவர் மனைவி.

அவர் மனைவி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். பதினோரு வருடமாக ஏழாம் தடம் அவருடையது. ஒவ்வொரு வளைவும், ஒவ்வொரு வேகத்தடையும், எந்தப் பிள்ளை எந்த நிறுத்தத்தில் செருப்பை மறந்துவிட்டு ஏறும் என்பதும் அவருக்கு அத்துப்படி. புருஷனுக்காக நான்கு மாதம் விடுப்புப் போட்டிருந்தார். விடுப்பில் வீட்டிலிருக்கும் பேருந்து ஓட்டுநரைப் பார்த்திருக்கிறீர்களா? சோற்றுக் கரண்டியைப் பிடித்தாலும் இரண்டு கையாலும் பிடிப்பார்.

கடைக்குப் போகலாம் என்று அவர் பையை எடுத்தால் போதும்.

"தாராளமா போயிட்டு வா. எனக்கு ஒண்ணுமில்ல" என்பார் நெஞ்சுக்காரர். சொல்லிவிட்டுத் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, கூரையைப் பார்ப்பார்.

"பத்து நிமிஷத்துல வந்துருவேங்க."

"மெதுவா வா. அவசரமே இல்ல. இன்னொரு சாவிய மட்டும் கீழ யார்கிட்டயாவது குடுத்துட்டுப் போ."

"எதுக்கு?"

"இல்ல... கதவு நல்ல கதவு. ஒடைக்க வேண்டாம் பாரு."

மனைவி பையைக் கீழே வைப்பார். இப்படி நான்கு மாதத்தில் அந்தப் பை எத்தனை முறை கொக்கியிலிருந்து இறங்கி மறுபடி கொக்கிக்கே போயிருக்கும் என்று கணக்கில்லை. வாங்க வேண்டியதையெல்லாம் மூன்றாம் மாடிக் கணக்கு டீச்சர்தான் வாங்கிக் கொடுத்தார்.

இந்தக் கணக்கு டீச்சருக்கும் நெஞ்சுக்காரருக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. இரண்டு வருடம் முன்பு கட்டடத்து லிஃப்டை நம்மவர் பழுதுபார்த்தபோது, டீச்சர் ஆறு வாரம் அதில் ஏற மறுத்துப் படியிலேயே நடந்தார். அப்போது நெஞ்சுக்காரர் அவரைக் கேலி செய்யாத நாளில்லை. படியில் டீச்சர் எதிர்ப்பட்டால் வழியை விட்டு ஒதுங்கி, "மலையேறப் போறவங்களுக்கு வழி விடுங்கப்பா" என்பார். டீச்சர் மறக்கவில்லை. கணக்கு டீச்சர்கள் எதையும் மறப்பதில்லை. இப்போது வாழைப்பழமும் பாலும் கொண்டுவந்து வைத்துவிட்டு, வாசலில் நின்று கேட்பார்:

"என்ன சார், பழுதுபார்த்ததுதானே இருக்கிறதிலேயே பத்திரம்?"

"அது லிஃப்ட், டீச்சர்."

"இது?"

"இது என்னோடது."

இனி படிவத்துக்கு வருவோம். கதையே அதில்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் நெஞ்சு அறுவை செய்தவர்களுக்கு மாதா மாதம் ஒரு படிவம் தருவார்கள். உடம்பைப் பற்றி நாலைந்து கேள்வி. மீதியெல்லாம் மனத்தைப் பற்றி. கடந்த நான்கு வாரத்தில் எத்தனை நாள் மனம் தளர்ந்திருந்தீர்கள்? நாளைய பொழுதைப் பற்றி நம்பிக்கை இருக்கிறதா? தனியாக இருக்க முடிகிறதா? தூக்கம், பசி, சிரிப்பு எப்படி? 'மிக நன்று' முதல் 'மிக மோசம்' வரை ஐந்து கட்டம். ஒன்றில் குறி போட வேண்டும்.

வேறு தொழிற்காரராக இருந்தால் உள்ளதைப் போட்டிருப்பார். லிஃப்ட் மெக்கானிக்குக்குப் படிவம் என்றால் ஒரே பொருள்தான்: பராமரிப்பு அறிக்கை. அதில் ஒரு சூட்சுமம் உண்டு. போன இடத்தில் 'எல்லாம் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும்? அடுத்த மாதம் உன்னை யார் கூப்பிடுவார்கள்? அதனால் தேர்ந்த மெக்கானிக் எந்த லிஃப்டையும் முழுக்கச் சரி செய்யமாட்டார். ஆபத்தில்லாத ஒரு சின்னக் கிரீச்சை விட்டுவைப்பார். 'கதவில் லேசான சத்தம். கவனிக்க வேண்டும்.' அந்தக் கிரீச் இருக்கும்வரை தொடர்பு இருக்கும்.

ஆஸ்பத்திரி தன்னைக் கைவிட்டுவிடக் கூடாது என்பதற்காக நெஞ்சுக்காரர் மாதா மாதம் படிவத்தில் கிரீச் வைத்தார். முதல் மாதம் ஒரு கிரீச். இரண்டாம் மாதம் நாலு. நான்காம் மாதம் கை நன்றாகப் பழகிவிட்டது. தூக்கம், மிக மோசம். பசி, மிக மோசம். மன உறுதி, மோசம். தனியாக இருக்க முடிகிறதா? முடியவே முடியாது என்று கட்டத்துக்குப் பக்கத்தில் எழுதியே வைத்தார். போட்டு முடித்துவிட்டு, இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டு, மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்கினார்.

படிவத்தின் கடைசிப் பக்கம் கூட இருந்து பார்த்துக்கொள்கிறவருக்கு. அதை மனைவி, அடுப்பில் ஒரு கண்ணும் நெஞ்சில் ஒரு கண்ணுமாக, நின்றபடியே, குளிர்பெட்டிக் கதவில் வைத்து எழுதுவார். எல்லாவற்றுக்கும் 'மிக நன்று'. ஒரே கோடு, மேலிருந்து கீழே.

நான்காம் மாதம் முடியும் வாரம், பேருந்து அலுவலகத்திலிருந்து மனைவிக்குத் தகவல் வந்தது. விடுப்பு வெள்ளியோடு முடிகிறது. திங்கட்கிழமை வராவிட்டால் ஏழாம் தடம் மாற்று ஓட்டுநருக்கே நிரந்தரமாகப் போய்விடும்.

"வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறோம்ல. உங்களத் தனியா விடலாமான்னு சிஸ்டரக் கேப்போம். விடலாம்னு சொன்னா போறேன். இல்லேன்னா..." என்றார் மனைவி. துடைத்த மேசையையே மறுபடி துடைத்தார்.

வியாழக்கிழமை வந்தது. நர்ஸ் படிவத்தின் கடைசிப் பக்கத்தைத் தனியாகப் பிரித்து, இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியை மாட்டி ஒன்றைப் படித்தார், கழற்றித் துடைத்து மாட்டி மற்றதைப் படித்தார்.

"ஐயா வீட்ல ஒரே சோகம். அம்மா வீட்ல ஒரே ஆனந்தம். நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்லதான இருக்கீங்க?"

இருவரும் ஒருவர் தாளை ஒருவர் எட்டிப் பார்த்தார்கள்.

"அம்மா, நீங்க கேட்ட விஷயம். இந்தத் தாளப் பாத்தா என்னால சரின்னு சொல்ல முடியாது. 'தனியா இருக்க முடியவே முடியாது'ன்னு ஐயா எழுதி, ரெண்டு தரம் அடிக்கோடு போட்டிருக்கார். வேலைய இன்னும் கொஞ்ச நாளைக்கு..."

மனைவி தலையாட்டினார். சரி என்று தலையாட்டிக்கொண்டே கைப்பையின் வாரை இரண்டு கையாலும், வலது கை மேலும் இடது கை கீழுமாக, திருப்பத்தில் வண்டியை ஒடிக்கிற மாதிரி பிடித்துத் திருகினார். நெஞ்சுக்காரர் அந்தக் கையைப் பார்த்தார். நான்கு மாதமாகத் தன் மணிக்கட்டைத் தவிர வேறெந்தக் கையையும் அவர் பார்த்திருக்கவில்லை.

"சிஸ்டர், அது... நிஜமில்ல" என்றார்.

"எது?"

"நான் போட்டது. அது சும்மா ஒரு கிரீச்." தொழில் ரகசியத்தை அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக வெளியாளிடம் விளக்கினார். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார். மனைவி பொத்தவில்லை.

"கிரீச்சா? நாலு மாசமா நான் ஒரு கிரீச்சுக்கா எண்ணெய் விட்டுக்கிட்டு இருந்தேன்? பசியில்லைன்னு எழுதிட்டு என் தட்டுல இருந்ததையும் சேத்துத் தின்னீங்களே, அதுவும் கிரீச்சா?"

"ஏம்மா, ஆஸ்பத்திரின்னு கூடப் பாக்காம..."

"ஆஸ்பத்திரிங்கிறதாலதான் கையால பேசாம வாயால பேசறேன்!"

நர்ஸ் ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து நெஞ்சுக்காரரிடம் நீட்டினார். "பொய்யா போட்டதையெல்லாம் அடிச்சிருங்க ஐயா. மிச்சத்த வச்சுப் பேசுவோம்."

அவர் உற்சாகமாக ஆரம்பித்தார். தூக்கம், அடித்தார். பசி, அடித்தார். மூச்சு வாங்குதல், அடித்தார். மனம் தளர்ந்திருந்த நாட்கள் என்கிற வரிக்குப் பேனா வந்தது. நின்றது. அதை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனார். தனியாக இருக்க முடிகிறதா? அங்கேயும் நின்றது.

"இதுவும் சும்மா போட்டதுதான்" என்றார்.

"அப்ப அடிங்க."

பேனா அசையவில்லை.

"சும்மா போட்டது ஏன் ஐயா அழிய மாட்டேங்குது?"

ஆபத்தில்லாத இடமாகப் பார்த்து அவர் விட்டுவைத்த சத்தம். அது உள்ளேயிருந்தே வந்துகொண்டிருந்திருக்கிறது. முப்பத்தோரு வருட மெக்கானிக்குக்கு அது கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? அவர் காது முழுக்க டொக்கில் அல்லவா இருந்தது!

"நின்னுட்டா?" என்றார் மெதுவாக. "வீட்ல யாரும் இல்லாதப்ப நின்னுட்டா?"

நர்ஸ் சிரிக்கவில்லை. "நெஞ்ச நாங்க பாத்தாச்சு, அது நல்லா ஓடுது. இது மனசு. ஆபரேஷன் ஆனவங்கள்ல நிறையப் பேருக்கு இது வருது, வெளிய சொல்லத்தான் ஆளில்ல. புதன்கிழமையில இதப் பத்திப் பேசறதுக்குன்னே ஒரு டாக்டர் வர்றாங்க, அவங்களப் பாருங்க." பேனாவை வாங்கி மனைவி பக்கம் நீட்டினார். "இப்ப நீங்க, அம்மா."

மனைவி தன் பக்கத்தை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு மேலிருந்து கீழே ஒரே கோடு. தாள் கிழிந்தது.

அடுத்து நர்ஸ் எழுந்து, "வாங்க ஐயா, படியேறுவோம். ரெண்டு மாடி. பேசிக்கிட்டே ஏறணும், அதுதான் பரீட்சை" என்றார்.

"என்ன பேசறது?"

"ஏதாவது. லிஃப்டப் பத்திப் பேசுங்க."

இது போதாதா? முதல் படியில், லிஃப்டைச் சமப்படுத்தும் எதிர் எடையைப் பற்றி ஆரம்பித்தார். முதல் திருப்பத்தில் கம்பிவடத்துக்கு வந்தார். ஒரு திருமணக் கூட்டம் பதினாறு பேராக, எட்டுப் பேருக்கான லிஃப்டில் நுழைந்து இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டதை முதல் மாடியில் தொடங்கி இரண்டாம் மாடியில் முடித்தார். இன்னொரு கதை பாக்கியிருந்ததால் மூன்றாம் மாடிக்கும் போனார். அங்கே திரும்பிப் பார்த்தால் நர்ஸ் அரை மாடி கீழே கைப்பிடியைப் பிடித்தபடி, "போதும்... ஐயா... பாஸ்..." என்று வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், துடிப்பப் பாக்கட்டுமா?" என்று கேட்டார் நம்மவர், கையை நீட்டி. எவ்வளவு நல்ல மனசு!

தனியாக விடுவது என்று தீர்மானமாயிற்று. ஆனால் எப்படி விடுவது என்பதை நெஞ்சுக்காரரே சொன்னார். "எடுத்ததுமே ஆள ஏத்தக் கூடாது. பழுதுபார்த்த லிஃப்டுல முதல்ல கொஞ்சம் எடை வைக்கணும், ஓட்டிப் பாக்கணும், அப்புறம் இன்னும் கொஞ்சம்." வெள்ளிக்கிழமை அரை மணி தனிமை. சனிக்கிழமை ஒரு மணி. ஞாயிறு இரண்டு. அந்த நேரத்தில் மனைவி மூன்றாம் மாடியில் டீச்சர் வீட்டில் உட்கார்ந்து, கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே நாற்காலி நகர்ந்தால் 'இருக்கார்' என்று மூச்சு விடுவார். அவருக்காகவே நெஞ்சுக்காரர் அவ்வப்போது நாற்காலியை நகர்த்தினார்.

திங்கட்கிழமைக்கு ஒரு விளக்கு செய்தார். பழைய லிஃப்ட் ஒன்றின் பொத்தான் விளக்கு பச்சையில் அவரிடம் இருந்தது. அதைப் பால்கனிக் கம்பியில் கட்டி உள்ளே ஒரு சுவிட்சுக்கு வயர் இழுத்தார். ஏழாம் தடம் காலை ஏழு நாற்பதுக்கு அந்தத் தெருவழியாகத்தான் போகும். எல்லாம் நலமென்றால் பச்சை. மனைவி பார்த்துவிட்டு ஒரு ஹாரன் அடிக்க வேண்டும்.

முதல் நாள் அவர் ஏழு மணிக்கே விளக்கைப் போட்டுவிட்டுத் தலையணையுடன் உட்கார்ந்தார். வீடு சத்தமில்லாமல் இருந்தது. குளிர்பெட்டி உறுமி அடங்கியபோது தன் மூச்சும் அடங்கிவிட்டதோ என்று சோதித்தார். ஏழு நாற்பதுக்கு ஹாரன் கேட்டது. நோட்டில் எழுதினார்: 'தொண்ணூற்றாறு. ஹாரன் வந்தது.' மூன்றாம் நாள், 'எண்பத்தெட்டு. ஹாரன்.' புதன்கிழமை டாக்டரிடம் போய் முக்கால் மணி நேரம் பேசிவிட்டு வந்தார். என்ன பேசினார் என்று கேட்டால், "லிஃப்டப் பத்திதான்" என்றார், கண் சிவந்திருந்தது. எட்டாம் நாள் நோட்டில், 'ஹாரன்' என்று மட்டும் இருந்தது.

பத்தாம் நாள் காலை, விளக்கு சுவிட்சைப் போட்டுவிட்டு அடுப்படியில் ரொட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். கீழே பேருந்து வருகிற இரைச்சல் கேட்டது. ஹாரன் வரவில்லை. கிரீச்சென்று நின்ற சத்தம்தான் வந்தது. கொஞ்ச நேரத்தில் படியில் தடதடவென்று யாரோ ஓடி வருகிறார்கள். 'யார் இது, இப்படி ஓடினால் நெஞ்சு என்னத்துக்காகும்?' என்று நினைத்து முடிப்பதற்குள் கதவு திறந்தது.

மனைவி நின்றார். முகம் வெளுத்திருந்தது. ஒரு கை நெஞ்சில் இருந்தது.

"என்ன ஆச்சு?" என்றார் நெஞ்சுக்காரர், ரொட்டியும் கையுமாக.

"நீங்க... வெளக்கு... இல்ல..." அதற்குமேல் மூச்சில்லை. சோபாவில் விழுந்தார். கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கட்டிக்கொண்டார். அது தலையணை.

"லிஃப்டுல வரக் கூடாதா?"

"லிஃப்ட்... வர்ற வரைக்கும்... யாரு நிக்கிறது!"

நெஞ்சுக்காரர் அருகில் உட்கார்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது. பதினைந்து விநாடி.

"முப்பத்தி மூணு. நூத்தி முப்பத்திரெண்டு!" கவலையோடு கொஞ்சம் பொறாமையும் அந்தக் குரலில் இருந்தது. "நாலு நோட்டுலயும் இந்த எண் இல்ல!"

பால்கனிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "ஒண்ணுமில்ல. பல்புதான் போயிருக்கு."

"பல்பா?"

"பழைய பல்பு. மாத்திருந்திருக்கணும். என்ன இருந்தாலும் நான் பழுதுபார்த்ததுதானே..."

மனைவி தலையணையைத் தூக்கி எறிந்தார். பதினோரு வருடம் பெரிய வண்டி திருப்பிய கை. அது நேராகப் போய் நெஞ்சுக்காரரின் நெஞ்சில், திறந்திருந்த இரண்டாவது பொத்தானுக்குச் சரியாக, தொப்பென்று விழுந்தது.

இருவரும் அப்படியே உறைந்தார்கள். இருவரும் அந்த நெஞ்சையே பார்த்தார்கள். ஒரு விநாடி. இரண்டு. மூன்று.

ஒன்றும் ஆகவில்லை.

முதலில் யார் சிரித்தது என்று தெரியாது. மனைவி சோபாவிலும் நெஞ்சுக்காரர் சுவரிலும் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நிறுத்துவார்கள், ஒருவர் "பல்பு" என்பார், மறுபடி ஆரம்பிக்கும். தலையணை தரையில் கிடந்தது. சிரிக்கும்போது அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது அவருக்கு நினைவே வரவில்லை. ரொட்டி கருகியது. கீழே தெருவில் ஹாரன் அலறியது. நாற்பது பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கை எட்டியதோ அத்தனை பேரும் அடித்தார்கள், வண்டியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவால் ஒருவரைக்கூடத் தடுக்க முடியவில்லை.

"ஐயோ, என் பஸ்!"

ஓடிய மனைவியைத் தனியாக விட மனமில்லாமல், நூத்தி முப்பத்திரெண்டல்லவா, நெஞ்சுக்காரரும் கூடவே நான்கு மாடி இறங்கினார். பேருந்தின் ஜன்னலெல்லாம் முகம். முன் ஜன்னலில் பல் விழுந்த ஒரு சிறுமி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மிஸ், இவர்தான் பச்ச வெளக்கா?" என்று கேட்டாள்.

"இவரேதான்" என்றார் மனைவி, ஏறி உட்கார்ந்து. இரண்டு கையும் அதனதன் இடத்துக்குப் போயின. "சாயங்காலம் புது பல்பு வாங்கிட்டு வர்றேன். நீங்க போய் உக்காருங்க."

"நானே போய் வாங்கிக்கறேன்" என்றார் அவர்.

பேருந்து போனதும் மேலே ஏறினார். மூன்றாம் மாடியில் டீச்சர் கதவைத் திறந்துகொண்டு நின்றார்.

"என்ன சார், லிஃப்ட் வேலை செய்யலையா?"

"நல்லா வேலை செய்யுதே."

"அப்ப ஏன் படியில வர்றீங்க?"

அவர் திகைத்தார். படியில் வந்ததே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. வலது கை மெல்லக் கிளம்பி இடது மணிக்கட்டை நோக்கிப் புறப்பட்டது. டீச்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கை பாதி வழியில் மனம் மாறி முழங்கையைச் சொறிந்தது.

"மலையேறப் போறவங்களுக்கு வழி விடுங்க, டீச்சர்" என்றார்.

இதனால் நம் நெஞ்சுக்காரர் இனத்தை விட்டே வெளியேறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். புதன்கிழமைகளில் இன்னும் போகிறார். நோட்டும் இருக்கிறது, நடுவே ஒரு கோடு இழுத்து இரண்டு பத்தியாக்கியிருக்கிறார், ஒன்று தனக்கு, ஒன்று மனைவிக்கு. மனைவி பத்தியில்தான் எண்கள் அதிகம் ஏறுகின்றன. பச்சை விளக்கு ஒரு நொடி தாமதமாகக் கண்ணில் பட்டாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கை கழன்று எங்கே போகிறது என்று அவரைக் கேட்காதீர்கள். கோபப்படுவார். "நான் நல்லாத்தான் இருக்கேன், மிக நன்று" என்பார்.

நமக்கென்ன, நம் நெஞ்சில் யாரும் கைவைக்கவில்லை, தையல் இல்லை, தலையணை இல்லை என்று நீங்கள் சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் ஒன்று. இதைப் படிக்க ஒரு கை போதுமே, இன்னொரு கை எங்கே? முதல் பக்கத்தில் 'எழுபத்தாறு' என்கிற இடத்தில் கிளம்பியது, இன்னும் மணிக்கட்டிலேயே இருக்கிறதே? எடுத்துவிடுங்கள். யாராவது பார்த்துவிடப் போகிறார்கள்.

சரி, சரி. எண்ணி முடித்துவிட்டே எடுங்கள்.

எவ்வளவு?